1978-ல் ரொடீசியா எல்லையைக் கவுண்டா ஏன் திறந்தார்? கொள்கையா, வயிற்றுப்பாடா?

தாமரை_முதுகலை:

எல்லாருக்கும் வணக்கம். அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். விடுதலைக்குப் பிறகு ஓர் ஆப்பிரிக்க நாட்டின் வெளியுறவுக் கொள்கையை அதன் உள்நாட்டுப் பொருளாதாரச் சிக்கல் எப்படி வளைக்கிறது என்று வகுப்பில் பேச வேண்டும். ஜாம்பியாவை எடுத்திருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

1973 ஜனவரியில் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சிப் பிரதமர் இயன் ஸ்மித், ஜாம்பியாவுடனான எல்லையை மூடுகிறார். ஒரு மாதம் கழித்து அவரே திறக்கிறேன் என்கிறார். ஜாம்பியா அதிபர் கென்னத் கவுண்டா, "நீ திறந்தாலும் நான் திறக்க மாட்டேன்" என்ற நிலையை எடுக்கிறார். ஐந்தரை ஆண்டு அப்படியே போகிறது. 1978 அக்டோபர் 6-ம் தேதி அதே கவுண்டா, அதே ஸ்மித் ஆட்சியில் இருக்கும்போதே, தெற்கு ரயில் பாதையைத் திறக்கிறார். 1987-ல் பன்னாட்டு நாணய நிதியத்தை, அதாவது ஐ.எம்.எஃப்.பை, வெளியே போகச் சொல்கிறார், இரண்டு ஆண்டுக்குள் திரும்பக் கூப்பிடுகிறார். பிறகு வந்த மைக்கேல் சாட்டா சீனாவைத் திட்டியே வாக்கு வாங்குகிறார், ஜெயித்ததும் சீனர்களுக்கு விருந்து வைக்கிறார்.

வழிகாட்டியிடம் கேட்டால் "சார்புநிலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். எனக்கு அது போதவில்லை. இவர்கள் கொள்கையே இல்லாதவர்களா? இல்லை, கொள்கை இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களா?

ரமேஷ்_நா:

இதுல குழப்பம் எங்க இருக்கு? ஜாம்பியா ஏற்றுமதியில அப்போ தொண்ணூறு சதவீதத்துக்கு மேல செம்பு. செம்பு விலை ஏறினா புரட்சி, இறங்கினா சமரசம். ஒரு கிராஃப் போட்டு ரெண்டு கோடு வரைஞ்சா உங்க செமினார் முடிஞ்சுது.

பழைய_சரக்குக்காரர்:

ரமேஷ் தம்பி, அந்தக் கிராஃபில் முதல் புள்ளியே உதைக்கும். 1973 தொடக்கத்தில் கவுண்டா எல்லையைத் திறக்காமல் பூட்டியே வைத்தபோது செம்பு விலை உச்சத்தில் இல்லை, சாதாரணமாகத்தான் கிடந்தது. அது ஏறியது அந்த வருடம் போகப்போக. 1974 ஏப்ரலில் லண்டன் சந்தையில் டன் 1,400 பவுண்டை ஒட்டிப் போனது. ஆக, பணம் வந்த தெம்பில் அவர் பூட்டவில்லை. பூட்டிய பிறகு வந்த பணம், பூட்டியதன் செலவை ஒரு வருடத்துக்கு மறைத்தது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நான் எழுபதுகளின் பின்பாதியிலும் எண்பதுகளிலும் ஜாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியான காப்பர்பெல்ட்டில், ந்டோலாவில், சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவன். என் உலகம் வேகன் நம்பரும் கப்பல் தேதியும்தான். வெளியுறவு அமைச்சகத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் மேஜைக்குப் போகும் பிரச்சினை எங்கள் மேஜை வழியாகத்தான் போகும்.

தாமரை அம்மா, முதலில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது. சுற்றி எட்டு நாடு. 1964 அக்டோபர் 24-ம் தேதி விடுதலை கிடைக்கும்போது ரயில் தெற்கே ரொடீசியாவுக்குள் போகிறது, அங்கிருந்து மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகம். சுரங்கத்துக்கு வேண்டிய நிலக்கரி ரொடீசியாவின் வான்கியிலிருந்து. மின்சாரம் கரிபா அணையிலிருந்து, ஆனால் மின் நிலையம் இருப்பது ஆற்றின் தென்கரையில், ரொடீசியா பக்கம். பெட்ரோலும் அந்த வழிதான். வெள்ளைக்காரன் வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசற்கதவை மட்டும் பக்கத்து வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனான் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள்.

ஒரு வருடம் தாண்டிச் சில நாள்தான் ஆகியிருந்தது. 1965 நவம்பர் 11-ம் தேதி ஸ்மித் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவிக்கிறார். பிரிட்டன் ரொடீசியாவுக்கு எண்ணெய்த் தடை போடுகிறது. அடி ஜாம்பியாவுக்கும் சேர்த்து விழுகிறது. பெட்ரோலைப் பீப்பாயில் அடைத்து விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்றால் இப்போது யாராவது நம்புவார்களா? பிரிட்டிஷ் விமானப் படையும் அமெரிக்க, கனடிய விமானங்களும் அதைச் செய்தன. தார் எஸ் சலாமிலிருந்து வரும் மண்சாலைக்கு லாரி ஓட்டிகள் வைத்த பெயர் "நரக ஓட்டம்". மழைக்காலத்தில் எத்தனை லாரி கவிழ்ந்தது என்று ஒரு பழைய ஓட்டுநர் எனக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார், பாதியைத்தான் நம்பினேன்.

இந்த இடத்தில் சீனா வருகிறது. தான்சானியா வழியாக ஒரு ரயில் பாதை போட மேற்கு நாடுகளைக் கேட்டார்கள். உலக வங்கி, லாபம் வராது என்றது. சீனா வட்டியில்லாக் கடனில் போட்டுத் தருகிறேன் என்றது. 1967-ல் ஒப்பந்தம், 1970-ல் வேலை, 1975-ல் பாதை முடிந்தது. தார் எஸ் சலாமிலிருந்து கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். அதன் பெயர்தான் டசாரா. பாதையின் அகலத்தைத் தான்சானியாவின் பழைய ரயிலுக்கு ஒப்பாக வைக்காமல் ஜாம்பியா ரயிலுக்கு ஒப்பாக வைத்தார்கள், வேகன் நேராகச் சுரங்க நகரம் வரை வரவேண்டும் என்பதற்காக. உள்ளூர்ச் செலவுக்கும் சீனா காசாகக் கொடுக்கவில்லை. சீனச் சாமான்களைக் கடனாக அனுப்பினார்கள், அதைக் கடைகளில் விற்று வந்த பணத்தில் கூலி கொடுத்தார்கள். கவுண்டா கம்யூனிஸ்ட் இல்லை, தேவாலயத்துப் பிள்ளை. மாவோவோடு அவரைச் சேர்த்துவைத்தது செம்புக்குக் கடல் வேண்டும் என்ற தேவை.

இப்போது உங்கள் 1978-க்கு வருகிறேன்.

1974 முடிவதற்குள் செம்பு விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எண்ணெய் விலையோ நாலு மடங்கு. 1975 ஆகஸ்டில் அங்கோலாச் சண்டையில், அந்நாட்டின் லொபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பெங்குவேலா ரயில் நின்றது, அதாவது மேற்கு வாசலும் அடைந்தது. மிச்சம் டசாரா ஒன்றுதான். அதில் இன்ஜின் போதாது, மலையேற்றத்தில் திணறும். அதையும் தாண்டிச் சரக்கு தார் எஸ் சலாம் போனால் துறைமுகம் நெரிந்து கிடக்கும். அங்கிருந்து எங்களுக்கு டெலக்ஸ் வரும்: கப்பல் வெளியே நிற்கிறது, இன்னும் இடம் கிடைக்கவில்லை. மறுநாளும் அதே டெலக்ஸ். ந்டோலாப் பக்கம் செம்பு ஏற்ற வேகன் இல்லாமல் அடுக்கி வைத்திருப்பார்கள், சூரிய வெளிச்சத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். 1977-ல் சுரங்கத்திலிருந்து அரசுக் கஜானாவுக்கு வந்த வருமானம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சில வருடம் முன்னால் அரசை நடத்தியதே அந்தப் பணம்தான்.

இவ்வளவு கஷ்டத்திலும் அவர் எல்லையைத் திறக்கவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். செம்பு தேங்கியதற்காகத் திறக்கவில்லை. உரத்துக்காகத் திறந்தார்.

ஏன் உரம்? அந்த ஊரில் மழை நவம்பரில் தொடங்கும். மக்காச்சோளம் விதைக்கும்போதே அடியுரம் போட வேண்டும், டி காம்பவுண்ட் என்பார்கள். அது டிசம்பரில் வந்து சேர்ந்தால் குப்பையில் கொட்டலாம். 1978 செப்டம்பரில் உரம் துறைமுகங்களில் கிடக்கிறது, டசாராவில் வரும் வேகத்தைக் கணக்குப் போட்டால் விதைப்புக்குள் வராது. விளைச்சல் விழுந்தால் அடுத்த வருடம் லுசாகாவிலும் கிட்வேயிலும் மாவு இருக்காது. ஆப்பிரிக்காவிலேயே நகரத்து மக்கள் விகிதம் அதிகமாக இருந்த நாடுகளில் ஜாம்பியா ஒன்று. நகரத்தானுக்குச் சொந்தமாக வயல் கிடையாது, பையில் அடைத்த சோள மாவான மீலி மீல்தான், அதைக் கிளறிய ந்ஷிமாதான் மூன்று வேளையும். சுரங்கத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, வேலைநிறுத்தம் செய்யத் தெரியும். டிசம்பரில் தேர்தல் வேறு. ஒரு கட்சி ஆட்சிதான், எதிர்த்து நிற்க வந்த கப்வெப்வேயையும் ந்கும்புலாவையும் விதியை மாற்றி ஓரங்கட்டியாயிற்று. ஆனாலும் மாவு இல்லை என்றால் கட்சி அட்டை யாருக்கு வேண்டும்?

திறந்தார். தான்சானிய அதிபர் நைரேரேக்கும் மொசாம்பிக் அதிபர் சமோரா மச்செலுக்கும் அது பிடிக்கவில்லை. அவர்களுக்குக் கடற்கரை இருந்தது.

அடுத்து நடந்ததுதான் நீங்கள் வகுப்பில் சொல்ல வேண்டியது. தேதியைப் பாருங்கள். அக்டோபர் 6 திறப்பு. அக்டோபர் 19-ம் தேதி ரொடீசிய விமானங்கள் லுசாகாவுக்கு வெளியே வெஸ்ட்லண்ட்ஸ் பண்ணையில் இருந்த, ஸ்மித்தை எதிர்த்துப் போராடிய ஜாப்பு இயக்கத்தின் முகாமைக் குண்டு போட்டு அழித்தன. லுசாகா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை வானொலியில் கூப்பிட்டு, "நீங்கள் குறுக்கே வராதீர்கள்" என்று சொல்லிவிட்டே போட்டார்கள். அதே வாரங்களில் அதே ரொடீசியா எங்கள் உரத்தை வேகனில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டணத்தை வாங்கிக்கொண்டுதான். தடையில் மாட்டிய ஸ்மித்துக்கும் அந்நியச் செலாவணி தேவை.

கவுண்டா ரயிலையும் திரும்ப மூடவில்லை, ஜாப்புவையும் வெளியே அனுப்பவில்லை. நான் சொல்ல வருவது இதுதான். பஞ்சமும் கடனும் அவர் எந்தப் பக்கம் நிற்பது என்பதை மாற்றவில்லை. எப்போது குனிவது, எவ்வளவு குனிவது, யாரிடம் கை நீட்டுவது என்பதைத்தான் தீர்மானித்தன. "சார்புநிலை" என்ற வார்த்தைக்குள் இந்த ரெண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, அதனால்தான் உங்களுக்கு அது போதவில்லை.

தென்கோடி:

அண்ணாச்சி, உரம் வந்த கதை அருமை. ஆனா முடிவு கொஞ்சம் கவுண்டாவுக்குச் சலுகை காட்டுறது மாதிரி இருக்கு. பக்கம் மாறவே இல்லன்னு சொல்றீங்க. அங்கோலாவுல என்ன நடந்துச்சு? சோவியத், கியூபா ஆதரவுல எம்.பி.எல்.ஏ. இயக்கம் ஆட்சியைப் பிடிச்சாச்சு, கவுண்டா அங்கீகரிக்க 1976 ஏப்ரல் வரைக்கும் இழுத்தார். அவர் மனசு அதை எதிர்த்துச் சண்டை போட்ட சவிம்பியோட யுனிட்டா இயக்கத்துப் பக்கம். பெங்குவேலா ரயில் யுனிட்டா நடமாடுற பகுதி வழியா போகுதுங்கறது தற்செயலா? அந்தச் சமயம் ஜாம்பியா பல்கலைக்கழக மாணவர்களே அவரை எதிர்த்து ஊர்வலம் போய், பல்கலைக்கழகத்தை மூடவேண்டியதாச்சு. நாட்டுல அவசரநிலை.

அதுக்கு முந்தின வருஷம் இன்னும் மோசம். 1975 மார்ச் 18, இன்னொரு ரொடீசிய விடுதலை இயக்கமான ஜானுவோட தலைவர் ஹெர்பர்ட் சிட்டெப்போ லுசாகாவுல கார் குண்டுல செத்தார். கவுண்டா என்ன பண்ணார்? ஜானு ஆட்களையே பிடிச்சு உள்ள வச்சார், படைத்தலைவர் டோங்கோகரா உட்பட. அதே ஆகஸ்ட் 25, விக்டோரியா அருவிப் பாலத்து மேல தென்னாப்பிரிக்க ரயில் பெட்டியில ஸ்மித்தையும் விடுதலை இயக்கத்துக்காரங்களையும் உக்கார வச்சு, நிறவெறி ஆட்சிப் பிரதமர் ஃபோர்ஸ்டரோட சேர்ந்து பஞ்சாயத்து பண்ணார். செம்பு விழுந்த அதே வருஷம். இது "எவ்வளவு குனியறது"ன்னு மட்டும் சொல்லி முடிக்கிற விஷயமா?

பழைய_சரக்குக்காரர்:

தம்பி, நீங்கள் எடுத்தது கடினமான உதாரணம்தான், அதைத் தவிர்த்துப் பேசினால் தாமரையின் வழிகாட்டியே கேட்பார். அங்கோலாவில் ரயில் ஒரு காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒன்றே காரணமாக இருந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி போயிருக்க வேண்டும். லுவாண்டாவைப் பிடித்தவன்தான் லொபிட்டோ துறைமுகத்தையும் பிடிப்பான் என்று 1975 கடைசியிலேயே தெரிந்துவிட்டது. சரக்கு மட்டும் குறியாக இருக்கிறவன் அன்றைக்கே எம்.பி.எல்.ஏ.வோடு கை குலுக்கியிருப்பான். கவுண்டாவுக்கு சோவியத், கியூபப் படைகள் மேல் நிஜமாகவே பயம் இருந்தது. அந்தப் பயம் அவருக்கு ரயிலையும் தரவில்லை, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் மதிப்பையும் கெடுத்தது.

சிட்டெப்போ விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். அது அசிங்கம்தான். சண்டை சீக்கிரம் முடிந்தால் போதும், எல்லை திறக்கும் என்ற அவசரம் அதில் இருந்தது. போர் நீளும் ஒவ்வொரு மாதமும் ஜாம்பியாவுக்குச் செலவு. ஸ்மித்தோடு பேசுவதில் கவுண்டாவுக்கு இருந்த ஆர்வம் பாதிக்கு மேல் அங்கேதான் பிறந்தது என்பேன். ஆனால் பேச்சுவார்த்தையின் இலக்கு பெரும்பான்மை ஆட்சி என்பதிலிருந்து அவர் இறங்கவில்லை. பாலத்தின் மேல் நடந்த பேச்சும் உடைந்தது.

1979-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அக்டோபரில் ரொடீசியப் படையினர் ரகசியமாக வந்து டசாராவின் சாம்பேஷி பாலத்தைத் தகர்த்தார்கள். கிழக்கு ரயிலும் போயிற்று. எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை, வேகன் பட்டியலை மட்டும் மடித்து வைத்தோம். நவம்பரில், ஸ்மித்துக்கு அடுத்து அங்கே பிரதமரான முசோரேவாவின் அரசு தெற்கு வழியே வரும் மக்காச்சோளத்தை நிறுத்தியது. ஜாம்பியாவுக்கு ரெண்டு பக்கமும் கழுத்தில் கை. அந்த நேரம் லண்டனில் ரொடீசியப் போரை முடிக்க லங்காஸ்டர் மாளிகைப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஜாப்பு தலைவர் ந்கோமோ மேல் "ஒப்புக்கொண்டு முடியுங்கள்" என்ற நெருக்குதல் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? டிசம்பர் 21-ல் கையெழுத்தானது.

ஐ.எம்.எஃப். கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் நான் நடுவில் மாட்டியவன். 1985 அக்டோபரில் அந்நியச் செலாவணியை ஏலம் விட ஆரம்பித்தார்கள். டாலர், ஜாம்பிய நாணயத்தில் ரெண்டு குவாச்சா சொச்சமாக இருந்தது. ஒன்றரை வருடத்தில் இருபதைத் தாண்டிற்று. ஒரு டயர் விலை எங்கள் லாரி ஓட்டுநரின் மாதச் சம்பளத்தை முந்திக்கொண்டது. 1986 டிசம்பரில் மாவு மானியத்தை எடுத்தார்கள். நயமான மாவு பிரேக்பாஸ்ட் மீல், மட்டமானது ரோலர் மீல். ஏழைக்கு ரோலர் மீல் பழைய விலைக்கே கிடைக்கும் என்பது காகிதத்தில் இருந்த ஏற்பாடு. மானியப் பணம் தங்களுக்கு ஒழுங்காக வராது என்று நினைத்த ஆலைக்காரர்கள் ரோலர் மீல் அரைப்பதையே விட்டுவிட்டார்கள். கடையில் இருந்தது விலை ரெண்டு மடங்கான பிரேக்பாஸ்ட் மீல் மட்டும். கிட்வேயிலும் ந்டோலாவிலும் கடைகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். கவுண்டா விலையேற்றத்தை ரத்து செய்தார். அடுத்த மே தினத்தில் ஐ.எம்.எஃப். திட்டத்தையே ரத்து செய்தார், கடன் தவணைக்கு நிகர ஏற்றுமதி வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் தர மாட்டோம் என்றார், டாலரை எட்டு குவாச்சாவில் நிறுத்தினார்.

வெளியே பார்ப்பவனுக்கு அது ஏகாதிபத்திய எதிர்ப்பு. உள்ளே இருந்த எங்களுக்கு அது எரிந்த கடைகளுக்குக் கொடுத்த பதில். உதவி நின்றது, சமையல் எண்ணெய்க்கும் சோப்புக்கும் வரிசை நீண்டது, 1989-ல் திரும்பப் போனார். 1990 ஜூனில் மறுபடி மாவு விலை, மறுபடி கலவரம். 1991 அக்டோபரில் தேர்தலில் சிலுபாவிடம் தோற்று, மரியாதையாக வீட்டுக்குப் போனார். இத்தனைக்கும் நடுவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைமையகம் லுசாகாவில் இருந்தபடியே இருந்தது. தென்னாப்பிரிக்கச் சரக்கும் வந்தபடியே இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாமரை_முதுகலை:

ரொம்ப நன்றி சார். தென்கோடி அண்ணாவுக்கும். உரத்துக்கும் வெஸ்ட்லண்ட்ஸுக்கும் நடுவில் பதின்மூன்றே நாள் என்பதை நான் எங்கும் சேர்த்துப் படிக்கவில்லை.

இன்னொன்று. கவுண்டாவை விடுதலைத் தலைமுறை என்று தனியாக வைத்துவிடலாம். சாட்டாவுக்கும் இப்போதைய ஹிச்சிலேமாவுக்கும் அந்த மாதிரி ஓர் இலக்கே இல்லையே? அங்கே பொருளாதாரம் "எப்போது, எவ்வளவு" என்பதோடு நிற்கிறதா, இல்லை திசையையும் சேர்த்தே முடிவு செய்கிறதா?

தென்கோடி:

இதுக்கு நான் கொஞ்சம் சொல்றேன், அண்ணாச்சி அப்புறம் திருத்தட்டும்.

சிலுபா காலத்துல சுரங்கத்தைத் துண்டு துண்டா வித்தாங்க. சாம்பிஷி சுரங்கத்தை 1998-ல சீன அரசு நிறுவனம் வாங்குச்சு. 2005-ல அங்க வெடிமருந்து ஆலை வெடிச்சு ஐம்பது பேர் போல செத்தாங்க, எல்லாரும் உள்ளூர் ஆட்கள். 2006 தேர்தல்ல சாட்டா அந்தக் கோபத்தைத்தான் பிடிச்சார், தைவானோட உறவு வச்சுக்குவேன்னு வரைக்கும் போனார். சீனத் தூதர் வெளிப்படையாவே, அப்படி நடந்தா உறவு முறியும்னு சொன்னார். சாட்டா தோத்தார், ஆனா லுசாகாவும் காப்பர்பெல்ட்டும் அவர் பக்கம் நின்னுச்சு. 2011-ல ஜெயிச்சார். ஜெயிச்சதும் முதல்ல பார்த்த தூதர் சீனத் தூதர். அடுத்த மாசம் அதிபர் மாளிகையில சீனர்களுக்கு விருந்து, வயசான கவுண்டாவைச் சிறப்புத் தூதராக்கி பெய்ஜிங்குக்கு அனுப்பி வச்சார். வாக்கு கேக்கும்போது சுரங்கத் தொழிலாளி முன்னாடி நிக்கணும், ஆட்சி நடத்தும்போது சுரங்க முதலாளி முன்னாடி நிக்கணும். அவ்வளவுதான்.

கடன் கதை தனி. 2005-ல ஏழை நாடுகள் கடன் தள்ளுபடித் திட்டத்துல பெரும்பகுதி கடன் போயிடுச்சு. சிலேட்டு சுத்தம். ஆனா அதுலயும் ஒருத்தன் வந்தான். 1979-ல ருமேனியாகிட்ட டிராக்டர் வாங்கின பழைய கடனை டோனகல் இன்டர்நேஷனல்னு ஒரு நிதியம் முப்பது லட்சம் டாலர் போல கொடுத்து வாங்கி, லண்டன்ல வழக்கு போட்டு, 2007-ல ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல தீர்ப்பு வாங்குச்சு. அப்புறம் 2012-ல 75 கோடி, 2014-ல 100 கோடி, 2015-ல 125 கோடி டாலர்னு யூரோபாண்டு, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்கிட்ட டாலர்ல வித்த கடன் பத்திரம். செம்பு விலை நல்லா இருந்தப்ப வாங்கின கடன். கூடவே சீனக் கடன்ல சாலை, விமான நிலையம். 2020 நவம்பர்ல 4.25 கோடி டாலர் வட்டித் தவணை கட்ட முடியல, திவால்.

பழைய_சரக்குக்காரர்:

தம்பி சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை.

தாமரை, உங்கள் கேள்வி நியாயமானது. கவுண்டாவுக்கு எல்லைக்கு அப்பால் ஒரு எதிரி இருந்தான், அதனால் அவர் எந்தப் பக்கம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு அப்படி யாரும் இல்லை. கடன்காரர்கள்தான் இருக்கிறார்கள், அவர்களும் பல பேர்.

2021-ல் ஹகைண்டே ஹிச்சிலேமா ஜெயித்து வந்ததும் கஜானாவைத் திறந்து பார்த்தால் கடன் பத்திரம்தான். ஐ.எம்.எஃப். பணம் வேண்டும் என்றால் கடன்காரர்கள் எல்லாரும் சலுகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களில் பெரியவர் சீனா. ஐ.எம்.எஃப். வாரியத்தில் கை ஓங்கியவர் அமெரிக்கா. ரெண்டு பேரில் யாரையும் பகைக்க முடியாது. இப்போது அவர் செய்ததை வரிசையாகப் பாருங்கள். 2022 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம். தென்னாப்பிரிக்கா, தான்சானியா, ஜிம்பாப்வே, நமீபியா, அங்கோலா, மொசாம்பிக் எல்லாம் நடுநிலை. ஜாம்பியா ஆதரவு வாக்கு. அடுத்த மாதம் அமெரிக்காவின் ஆப்பிரிக்கப் படைத்தலைமை லுசாகாத் தூதரகத்தில் ஓர் அலுவலகம் திறப்பதாக அறிவிப்பு, உள்ளூரில் அதற்குப் பெரிய சத்தம். ஆகஸ்டில் ஐ.எம்.எஃப். 130 கோடி டாலர் ஒப்புதல். ஒன்றுக்காக ஒன்று என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் காகிதம் இல்லை. வரிசையை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பக்கம்? 2023 ஜூனில் பாரிஸில் அரசுக் கடன்காரர்களோடு 630 கோடி டாலருக்கு உடன்பாடு, அதில் 410 கோடி சீனாவுடையது. செப்டம்பரில் ஹிச்சிலேமா சீனா போகிறார், உறவுக்கு நீளமான புதுப் பெயர் வைத்துவிட்டு வருகிறார். ஒரே ஆள், ஒரே கடன், ரெண்டு தலைநகரம். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்கன், சீனன் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆசிரியருக்குச் சம்பளம் போட முடியும் என்ற நிலையில் வேறு எப்படி நடந்துகொள்வது என்று அவர்கள் சொன்னால் நானும் கேட்டுக்கொள்வேன். திசையைக் கடன் முடிவு செய்கிறதா என்று கேட்டீர்கள். ஹிச்சிலேமா காலத்தில், ஆமாம், முன்னைவிட அதிகமாக. எதிரி யார் என்று தெளிவாக இருந்தவரைக்கும் பசிக்கு ஓர் எல்லை இருந்தது.

எனக்கு ரொம்பவும் சுவாரசியமாக இருப்பது ரயில்தான், தொழில்புத்தி. லொபிட்டோ பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2023 அக்டோபரில் கையெழுத்துப் போட்டன. டசாராவைப் புதுப்பிக்க 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில், ஷி ஜின்பிங் முன்னிலையில் கையெழுத்து. 1975-ல் மேற்கே ஒரு வாசல் அடைந்ததும் கிழக்கே ஒரு வாசல் திறந்ததும் ஒரே வருடம், ஞாபகம் இருக்கிறதா? அதே ரெண்டு வாசல்தான் இப்போதும். அப்போது ஜாம்பியா போய்க் கெஞ்சியது. இப்போது மின்சாரக் காருக்குச் செம்பு வேண்டுமென்று அவர்களே வந்து நிற்கிறார்கள். அதனால் பேரம் பேச இடம் கிடைத்திருக்கிறது. எவ்வளவு பேசினார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

ஆனால் 2024 பிப்ரவரி கடைசியில் வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்களே, அதைப் பேச்சில் விட்டுவிடாதீர்கள். கரிபாவில் தண்ணீர் இல்லை, மின்சாரம் நாளில் சில மணி நேரம், மக்காச்சோளம் கருகியது. அந்த மாதங்களில் வெளிநாடு போன ஜாம்பிய அமைச்சர் யாராக இருந்தாலும் பையில் இருந்த முதல் காகிதம் சோளமும் மின்சாரமும்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

ரமேஷ்_நா:

சரி சார், கிராஃபை வாபஸ் வாங்கிக்கல, ஆனா செம்போட சோள மாவு விலையையும் இன்னொரு கோடா போட்டா? 1978, 1986, 1990, 2024 எல்லாம் அதுல நல்லா உக்காரும் போல.

பழைய_சரக்குக்காரர்:

போடலாம் தம்பி. செம்பைவிட அது நன்றாகவே பேசும். ஆனால் 1973-ம் 1976-ம் ரெண்டு கோட்டிலும் உட்காராது. அந்த ரெண்டு வருடத்தையும் தாமரை தனியாக ஒரு பக்கத்தில் எழுதி, ஏன் உட்காரவில்லை என்று சொல்லட்டும்.

தாமரை_முதுகலை:

எழுதுகிறேன் சார். கடைசியாக ஒரு சின்ன சந்தேகம். லொபிட்டோ பாதை இப்போதே ஜாம்பியாவுக்குள் வருகிறதா? ஒரு செய்தியில் அப்படி ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள்.

பழைய_சரக்குக்காரர்:

இல்லையம்மா. பழைய பெங்குவேலா ரயில் அங்கோலாவைக் கடந்து காங்கோவுக்குள்தான் போகிறது. ஜாம்பியாவின் செம்பு அதில் ஏற வேண்டுமானால் காங்கோ மண்ணைச் சுற்றித்தான் போக வேண்டும். நேராக ஜாம்பியாவுக்குள் வருவதாகப் போட்டிருக்கும் கோடு இனிமேல் போடப்போகும் பாதை, எண்ணூறு கிலோமீட்டர் போல. வரைபடத்தில் புள்ளிக் கோடாக இருக்க வேண்டியதைச் செய்திக்காரர்கள் முழுக் கோடாகப் போட்டுவிடுகிறார்கள். வகுப்பில் காட்டும்போது புள்ளிக் கோடாகவே போடுங்கள்.